மூன்று மணி நேரம் ஓடினால் கரண்ட் பில் எகிறிவிடுமா?

பள்ளிக்கரணையிலிருந்து ஒரு வாசகி நீளமாகவே எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். 14 மாதத்துக்கு முன்னால் இஎம்ஐயில் 8 கிலோ ஃப்ரண்ட் லோட் வாஷிங் மெஷின் வாங்கியிருக்கிறார்கள். வீட்டில் ஐந்து பேர்: அவர், கணவர், மாமியார், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். நாலாவது மாடி, அதற்கு மேல் மொட்டைமாடிதான். போர் தண்ணீர், கோடை வந்தால் லாரித் தண்ணீர். காட்டன் சைக்கிளை அழுத்தினால் 3 மணி நேரம் என்று காட்டியதாம், கரண்ட் பில்லை நினைத்துப் பயந்துபோய் முதல் வாரத்திலிருந்தே எல்லாத் துணிக்கும் 15 நிமிட குவிக் வாஷ்தான் போடுகிறார். இப்போது பிள்ளைகளின் வெள்ளை யூனிஃபார்ம் பழுப்பேறிவிட்டது, கணவரின் வேட்டி சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டது, துண்டை முகத்தில் வைத்தால் "மழையில் நனைந்த நாய் வாடை". கதவைச் சுற்றியுள்ள ரப்பரில் கறுப்புப் புள்ளிகள் வேறு.

நெட்டில் நம்பர் தேடிக் கூப்பிட்ட ஒரு மெக்கானிக் வந்து பார்த்து, கேஸ்கெட் (அந்தக் கதவு ரப்பர்) போச்சு, உப்புத் தண்ணீருக்கு ஃபில்டரும் மாட்டணும், மொத்தம் 6,500 ரூபாய் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மாமியார் சும்மா இருப்பாரா? "நான் அப்பவே சொன்னேன், கல்லில் அடிச்சுத் துவைக்கிற மாதிரி வருமா" என்கிறாராம். மெஷினை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு டாப் லோட் வாங்கலாமா, 6,500 ரூபாயைக் கொடுத்துத் தொலைக்கலாமா, இப்படி ஒரு மெஷினைத் தலையில் கட்டிய கடைக்காரர் மேல் கேஸ் போடலாமா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறார்.

மேடம், மெஷினை விற்காதீர்கள், அந்தப் பணத்தையும் இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் மெஷினில் கோளாறு இருப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் சென்னையில் வீடு வீடாகப் போய் வாஷிங் மெஷின் பார்க்கிறேன், இதே புகாரோடு கூப்பிடுகிற எத்தனையோ வீடுகளில் நான் ஸ்பேனரை வெளியே எடுத்ததே இல்லை. எந்த பட்டனை அழுத்துகிறீர்கள் என்று கேட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

குவிக் வாஷில் துவைப்பது எவ்வளவு நேரம்?

அந்த 15 நிமிடத்தைப் பிரித்துப் பாருங்கள். தண்ணீர் ஏற வேண்டும், அதை இறைத்து வெளியேற்ற வேண்டும், மறுபடி தண்ணீர் பிடித்து அலச வேண்டும், கடைசியில் பிழிய வேண்டும். இதெல்லாம் போக, சோப்புத் தண்ணீரில் துணி புரள்வதற்கு மிஞ்சுவது ஐந்தாறு நிமிடம்தான். கடைசி மாடியில் டேங்குக்கும் உங்கள் குழாய்க்கும் உயர வித்தியாசம் குறைவு, அதனால் தண்ணீர் மெதுவாகத்தான் வரும். அந்த சைக்கிளை வைத்திருப்பது ஒருமுறை உடுத்திவிட்டு லேசாக வியர்த்த துணிக்கு, அதுவும் பெரும்பாலான மெஷின்களில் 2 கிலோ வரைக்கும்தான். 2 கிலோ என்றால் மூன்று சட்டை, ஒரு சுடிதார் செட், ஒரு துண்டு, முடிந்தது கதை. நீங்கள் ஐந்து பேர் துணியை அதில் திணித்தீர்கள் என்றால் துணி புரளக்கூட இடமிருக்காது, கிட்டத்தட்ட சோப்புத் தண்ணீரில் நனைத்து எடுத்துக் காயப்போட்டு வந்திருக்கிறீர்கள், அந்தச் சோப்பும் முழுசாக அலசப்படவில்லை. வேட்டியில் படிந்திருக்கும் சாம்பல் நிறத்தில் பழைய அழுக்கோடு பழைய சோப்பும் உண்டு.

ஜெர்மனியில் ஹெர்பர்ட் ஸின்னர் என்ற சோப்புக் கம்பெனி வேதியியலாளர் 1959-லேயே இதை ஒரு வட்டமாகப் போட்டுக் காட்டினார். அழுக்கு போக நாலு விஷயம் சேர வேண்டும்: சோப்பு, சூடு, அசைவு, நேரம். ஒன்றைக் குறைத்தால் மற்றதைக் கூட்டியாக வேண்டும். உங்கள் அத்தை கல்லில் அடிக்கும்போது அசைவு அதிகம், அதனால் சீக்கிரம் முடிந்துவிடும் (துணியும் சீக்கிரம் முடிந்துவிடும், அதை அவரிடம் சொல்ல வேண்டாம்). ஃப்ரண்ட் லோட் கொஞ்சம் தண்ணீரை வைத்துக்கொண்டு துணியை மேலே தூக்கிப் பொத்தென்று போடுகிறது, திரும்பத் தூக்குகிறது. மென்மையான வேலை, அதனால் அதற்கு நேரம் வேண்டும். 3 மணி நேரம் என்று காட்டுவது சோம்பேறித்தனம் இல்லை, அந்த மெஷின் துவைக்கும் முறையே அதுதான்.

பில்லை ஏற்றுவது கடிகாரமா, ஹீட்டரா?

ரொம்ப நேரம் ஓடினால் ரொம்ப கரண்ட் என்று நினைத்துவிட்டீர்கள், உங்களைக் குறை சொல்ல முடியாது, ஏசி விஷயத்தில் அது கிட்டத்தட்ட சரியும்கூட. வாஷிங் மெஷினில் கதை வேறு. டிரம் மெதுவாகப் புரளும்போது மோட்டார் இழுப்பது பழைய சீலிங் ஃபேன் இரண்டு ஓடுகிற அளவுதான். உண்மையில் கரண்ட் குடிப்பது உள்ளே இருக்கும் ஹீட்டர், 1,800 முதல் 2,000 வாட்ஸ் வரை இருக்கும். மெயின் வாஷுக்கு உள்ளே ஏறும் தண்ணீர் சுமார் 15 முதல் 20 லிட்டர். நம் ஊரில் குழாயில் வரும் தண்ணீரே 28, 30 டிகிரி. அதை 60 டிகிரிக்குக் கொண்டுபோக அரை யூனிட்டிலிருந்து முக்கால் யூனிட் வரை ஆகும், துணியும் டிரம்மும் சேர்ந்து சூடாக வேண்டுமே, அதற்குக் கொஞ்சம் கூட. 40 டிகிரி போதும் என்றால் அதில் மூன்றில் ஒரு பங்குதான். ஹீட்டரே வேண்டாம் என்று கோல்டு வைத்தால், 3 மணி நேரம் ஓடினாலும் பில்லில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். ஒன்றரை டன் ஏசி ஒரு மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால் ஒரு யூனிட்டைத் தாண்டுகிறது, அதோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பேனலில் இருக்கும் 20, 30 என்ற எண்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீர் 10 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர்களுக்கு அது அர்த்தமுள்ள கணக்கு. சென்னையில் 20 என்று வைத்தாலும் கோல்டு என்று வைத்தாலும் ஒன்றுதான், மெஷினுக்குத் தண்ணீரைச் சூடாக்கத் தெரியும், குளிரவைக்கத் தெரியாது. மே மாதம் மதியம் உங்கள் மொட்டைமாடி டேங்கிலிருந்து வரும் தண்ணீரில் கையை வைத்துப் பாருங்கள், புரியும். அந்த நேரத்தில் சாயம் போகிற துணியையோ மெல்லிசான துணியையோ போடாமல் விடியற்காலையில் போடுவது நல்லது.

தண்ணீர்க் கணக்கும் அப்படித்தான். 8 கிலோ மெஷினில் முழு காட்டன் சைக்கிளுக்கு மாடலைப் பொறுத்து 50 முதல் 70 லிட்டர் ஆகும், அதாவது நாலைந்து குடம். அதே துணியை முறையாக இரண்டிரண்டு கிலோவாக நாலு தடவை குவிக் வாஷில் போட்டால் அதைவிட அதிகம் செலவாகும். லாரித் தண்ணீருக்குக் காசு கொடுக்கிற வீட்டில் இது சின்ன விஷயமில்லை.

எந்தத் துணிக்கு எந்த சைக்கிள்

வெள்ளை யூனிஃபார்ம், வேட்டி, பனியன், துண்டு, பெட்ஷீட் எல்லாம் காட்டன். யூனிஃபார்ம் சட்டை டெரிகாட்டனாக இருந்தாலும் வெள்ளை என்பதால் இதோடு போடலாம். வாரத்தில் ஒருமுறையாவது இவற்றை 60 டிகிரியில் போடுங்கள், மற்ற நாள் 40 போதும். துண்டில் வாடை வருவதற்குக் காரணம் நூலிழைக்குள் தங்கிவிட்ட எண்ணெய்ப் பசையும் கிருமியும்தான், கோல்டு வாஷில் அது அசையாது. யாருக்காவது தூசி அலர்ஜி, மூச்சிரைப்பு இருந்தால் தலையணை உறைக்கும் பெட்ஷீட்டுக்கும் 60 கட்டாயம், தூசிப்பூச்சி அந்தச் சூட்டில்தான் சாகும்.

சுடிதார், லெக்கிங்ஸ், பாலியஸ்டர் புடவை, கலர் சட்டை இதற்கெல்லாம் சிந்தெடிக் அல்லது மிக்ஸ். கோல்டு, இல்லாவிட்டால் 40. இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள்: 8 கிலோ என்று வெளியே ஒட்டியிருப்பது காட்டன் சைக்கிளுக்கு மட்டும். சிந்தெடிக்கில் அதிகபட்சம் அதில் பாதிதான். தராசு வேண்டாம், துணியைப் போட்டபின் டிரம்முக்கு மேலே உள்ளங்கையை நிமிர்த்தி நுழைக்க முடிகிறதா பாருங்கள், காட்டனுக்கு அது போதும், சிந்தெடிக் என்றால் டிரம் பாதிதான் நிறைந்திருக்க வேண்டும். அதேபோல ஒரே ஒரு பெட்ஷீட்டைத் தனியாகப் போட்டாலும் தொல்லைதான், அது பந்தாகச் சுருண்டு ஒரு பக்கம் கனத்துவிடும், மெஷின் பிழியத் தயங்கித் தயங்கி நேரம் ஒரே இடத்தில் நிற்கும். கூட இரண்டு துண்டைப் போட்டுவிடுங்கள்.

ரத்தக் கறை, பால், முட்டை இருந்தால் முதலில் பச்சைத் தண்ணீர், நேராகச் சூட்டில் போட்டால் கறை வெந்து ஒட்டிக்கொள்ளும். சாம்பார் கறை சோப்பு பட்டதும் சிவக்கும், பதற வேண்டாம், அது மஞ்சளின் குணம், துவைத்து நல்ல வெயிலில் காயப்போட்டால் மங்கிப் போய்விடும். பட்டுப் புடவையை மெஷினுக்குக் காட்டவே காட்டாதீர்கள். கஞ்சி, சொட்டு நீலம் இரண்டும் துவைத்து முடிந்தபின் தனியாக வாளியில், மெஷினுக்குள் வேண்டாம். உள்பாவாடை நாடாவும் பிரா கொக்கியும் வலைப்பையில் போகட்டும். புடவையில் ஊக்கு மாட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள், நான் கழற்றிய மெஷின்களில் பம்ப்பை அடைத்தவை பெரும்பாலும் ஊக்கும் ஹேர்பின்னும் ஒரு ரூபாய்க் காசும்தான்.

பிழிவதற்கு காட்டனுக்கு நிமிடத்துக்கு 1,000 அல்லது 1,200 சுற்று, சிந்தெடிக்குக் 800. ஐப்பசி, கார்த்திகை மழையில் பால்கனியில் துணி காயாமல் கிடந்து வாடை பிடிக்கும்போது, காட்டனுக்கு ஸ்பின் மட்டும் இன்னொரு தடவை ஓட்டிவிடுங்கள், கொடியில் கிடக்கும் நேரம் குறையும். முடிந்த துணியை ராத்திரி முழுக்க மெஷினுக்குள்ளேயே விட்டால் எந்த சைக்கிள் போட்டும் பலனில்லை.

சோப்பு எந்தப் பெட்டியில்?

பவுடரை "முதல் பெட்டியில்" போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அது 1 என்று போட்டிருக்கும் ப்ரீ வாஷ் பெட்டியாக இருந்தால், ப்ரீ வாஷ் தேர்வு செய்யாதபோது சோப்பு துணிக்குப் போகாமல் அங்கேயே கட்டியாகிக் கிடக்கும், தேர்வு செய்தால் முதல் தண்ணீரோடு வெளியே போய்விடும். மெயின் வாஷுக்கு 2 என்று போட்டிருக்கும் பெட்டி. பூ படம் போட்டது கம்ஃபர்ட் மாதிரி வாசனைத் திரவத்துக்கு, துண்டு துவைக்கும்போது அதைத் தவிர்த்தால் துண்டு நன்றாக ஈரம் உறிஞ்சும். கட்டாயம் ஃப்ரண்ட் லோட் பவுடர்தான் வேண்டும், மற்றது நுரை பொங்கும். நுரை அதிகமானால் துணி மெத்தைமேல் விழுகிற மாதிரி விழும், அழுக்கு போகாது, நுரையைப் போக்க மெஷின் தானாகவே கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளும். வெள்ளைக்குப் பவுடர், கலருக்கு லிக்விட் என்று வைத்துக்கொள்ளலாம்.

உப்புத் தண்ணீரும் அந்த ஃபில்டரும்

உங்கள் பக்கத்து போர் தண்ணீர் கடினம் என்பது தெரிந்ததுதான். கடினத் தண்ணீரில் சோப்பின் ஒரு பங்கு சுண்ணாம்போடு மல்லுக்கட்டியே தீர்ந்துவிடும், மிச்சம் இருப்பதுதான் அழுக்குக்கு. அதனால் பாக்கெட்டில் கடினத் தண்ணீருக்கு என்று போட்டிருக்கும் அளவைப் பாருங்கள், கூடவே ரின்ஸ் (அலசல்) ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள். மெக்கானிக் பேனா மாதிரி ஒன்றை முக்கி எண் காட்டினார் என்கிறீர்களே, அது டிடிஎஸ், கரைந்திருக்கும் எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டும். சோப்பைத் தின்பதும் ஹீட்டரில் படிவதும் கால்சியமும் மெக்னீசியமும், அதற்குத் தனியாகக் கடினத்தன்மைப் பரிசோதனை செய்ய வேண்டும். குடிநீருக்கே லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மையை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு வழியில்லாவிட்டால் 600 வரை என்றும் இந்தியத் தர நிர்ணயம் வைத்திருக்கிறது.

அவர் சொல்லும் ஃபில்டர் குழாயில் மாட்டும் சின்ன உருளையாக இருந்தால், உள்ளே இருப்பது பெரும்பாலும் பாஸ்பேட் கற்கள். அது சுண்ணாம்பு ஹீட்டரில் ஒட்டுவதைக் குறைக்கும், தண்ணீரை மென்மையாக்காது. கடைசி மாடியில் ஏற்கெனவே மெதுவாக வரும் தண்ணீரை இன்னும் மெதுவாக்கவும் கூடும். காந்தம் வைத்த ஃபில்டர் என்றால் அந்தக் காசுக்குப் பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுங்கள். நிஜமாகத் தண்ணீரை மென்மையாக்குவது உப்புப் போட்டுப் புதுப்பிக்கும் சாஃப்ட்னர்தான், அது அபார்ட்மெண்ட் முழுக்கச் சேர்ந்து யோசிக்க வேண்டிய செலவு. அதுவரை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, படிந்த சுண்ணாம்பைக் கரைக்கும் டீஸ்கேல் பவுடர் அல்லது 100 கிராம் சிட்ரிக் ஆசிட், துணியில்லாமல், 60 டிகிரி காட்டன். ஒரே ஒரு எச்சரிக்கை: ஆசிட் போடும் அன்று பிளீச்சிங்கைப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள், இரண்டும் கலந்தால் வருவது குளோரின் வாயு.

கேஸ்கெட், வாரண்டி, கேஸ்

ரப்பரில் கறுப்புப் புள்ளி என்பது பூஞ்சை. கிழிந்து தண்ணீர் ஒழுகினால்தான் கேஸ்கெட்டை மாற்ற வேண்டும், நீங்கள் ஒழுகல் என்று எழுதவில்லை. மடிப்பை விரித்துத் துடைத்து, சோப்புப் பெட்டியை முழுசாக உருவிக் கழுவி, கீழே வலது மூலையில் சின்னக் கதவுக்குள் இருக்கும் பம்ப் ஃபில்டரைத் திறந்து சுத்தம் பண்ணுங்கள் (சில மாடலில் இடது பக்கம், திறக்கும்முன் அடியில் தட்டு வையுங்கள், தண்ணீர் கொட்டும்). மெஷினுக்குப் பின்னால் தண்ணீர் உள்ளே வரும் பைப்பின் முனையில் ஒரு வலை இருக்கும், லாரித் தண்ணீர் மணல் அதில்தான் சேரும், அதையும் பாருங்கள். துவைத்து முடிந்ததும் கதவைத் திறந்தே வையுங்கள், சின்னப் பிள்ளை உள்ள வீடு என்றால் கண்காணிப்போடு. இதையெல்லாம் செய்த பிறகும் சில புள்ளிகள் நிறமாக நின்றுவிடும், அதனால் கெடுதல் இல்லை.

வாரண்டி கார்டை எடுத்துப் பாருங்கள். முழு வாரண்டி 2 வருஷம் என்றால் நீங்கள் இன்னும் அதற்குள்தான் இருக்கிறீர்கள், வெளி ஆள் கழற்றினால் அதையே காரணம் காட்டிக் கம்பெனி கைவிரிக்கலாம். இனி கார்டில் உள்ள நம்பருக்கு மட்டும் கூப்பிடுங்கள், புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். ரப்பர் பாகங்களுக்கு வாரண்டி இல்லை என்று பல கார்டுகளில் சின்ன எழுத்தில் இருக்கும், மோட்டாருக்கு 10 வருஷம் என்பது மோட்டாருக்கு மட்டும்தான், ஹீட்டருக்கு இல்லை.

கேஸ் விஷயத்தில் நான் வக்கீல் இல்லை, ஆனால் வாடிக்கையாளரோடு நுகர்வோர் கமிஷன் படி ஏறியிருக்கிறேன். இப்போதைக்கு உங்களிடம் கேஸ் இல்லை, பழுதான பொருள் என்று காட்ட உங்களால் முடியாது. முறையாகத் துவைத்தும் சரியாகவில்லை, கம்பெனி ஆள் வந்தும் தட்டிக்கழிக்கிறார் என்றால் அப்போது நிலைமை வேறு. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்டக் கமிஷன். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, பிரச்னை எழுந்து 2 வருஷத்துக்குள் போக வேண்டும். பில், கார்டு, புகார் எண்கள், இந்த மூன்றையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள்.

டாப் லோட் மாற்றினால்? நேரம் மிச்சமாகும், தண்ணீர் கூடுதலாகப் போகும், அதே போர் தண்ணீரில் அதே வேட்டி. உங்கள் இஎம்ஐ முடிவதற்குள் அந்த முடிவுக்குப் போக வேண்டாம்.

அத்தை ஒரு விஷயத்தில் சரி, அதையும் சொல்லிவிடுகிறேன்: காலர், கைமடிப்பு, வேட்டிக் கரை ஓரம் இதையெல்லாம் உள்ளே போடுமுன் சோப்பைத் தேய்த்து ஒரு நிமிடம் பிரஷ் போட்டுவிட்டால் எந்த மெஷினும் அதை மிஞ்ச முடியாது. அந்த வேலையை அவர் செய்யட்டும், உங்களுக்கும் வீட்டில் சண்டை குறையும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை துணி எதுவும் போடாமல், சோப்பும் போடாமல், டிரம்மைச் சுத்தம் பண்ணும் டப் க்ளீன் சைக்கிள் இருந்தால் அது, இல்லாவிட்டால் இருப்பதிலேயே அதிகச் சூடுள்ள காட்டன் சைக்கிளை ஓட்டுங்கள். அரை மணி நேரம் கழித்துக் கண்ணாடிக் கதவு வழியே பாருங்கள். நுரை தெரியும் என்றுதான் நினைக்கிறேன், சோப்பே போடாமல் வரும் அந்த நுரை 14 மாதமாக உள்ளே தங்கிய சோப்பு. தெரிந்தால் மறுபடியும் ஓட்டுங்கள். தண்ணீர் தெளிவாகப் புரள்கிற அன்றைக்கு யூனிஃபார்மைப் போடுங்கள், 60 டிகிரி, ரின்ஸ் ஒன்று கூடுதல். ஒரே துவைப்பில் பழைய வெள்ளை வராது, நாலைந்து தடவை ஆகும்.